பிறந்த தேதிக்குள் 18:30 எப்படி வந்தது? தேதி, நேர லைப்ரரிகள் எப்படி இருக்க வேண்டும்

லாஸ்பேட்டை:

வணக்கம். புதுச்சேரியில் சின்ன நிறுவனங்களுக்கு மென்பொருள் எழுதிக் கொடுக்கிறேன். இப்போது கையில் இருப்பது ஒரு மருத்துவமனையின் பழைய பதிவுகளைப் புதிய அமைப்புக்கு மாற்றும் வேலை. டேட்டாபேஸில் பிறந்த தேதி இருக்கும் இடத்தைத் திறந்தால், வரிசைக்கு வரிசை 18:30:00 என்று முடிகிறது. இந்தியாவில் இணையச் செயலி எழுதும் எல்லோரும் இந்த 18:30-ஐ எங்காவது பார்த்திருப்பீர்கள்.

நடப்பது இதுதான். ஒரு தாய் வரவேற்பு மேசையில் குழந்தை பிறந்தது மார்ச் 10 என்று சொல்கிறார். திரையில் அந்தத் தேதியைத் தட்டுகிறார்கள். உலாவி அதை மார்ச் 10 நள்ளிரவு 00:00, இந்திய நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. சர்வருக்கு அனுப்பும்போது உலகப் பொது நேரமான யூடிசிக்கு மாற்றுகிறது. ஐந்தரை மணி நேரம் பின்னால் போனால் மார்ச் 9, 18:30. அடுத்து எழுதியவர் நேரத்தை வெட்டிவிட்டுத் தேதியை மட்டும் எடுத்தால் குழந்தைக்கு மார்ச் 9 பிறந்தநாள். தடுப்பூசிச் சீட்டிலும் அதே தவறான தேதி ஏறுகிறது.

அமெரிக்காவில் உட்கார்ந்து எழுதுபவருக்கு இது சோதனையில் தெரியவே தெரியாது. அவருடைய நள்ளிரவு யூடிசியிலும் அதே நாள்தான். அவருக்கு வேறு பக்கம் இடிக்கும்: தேதியை மட்டும் ஸ்ட்ரிங்காக, அதாவது வெறும் எழுத்தாகக் கொடுத்தால் உலாவியின் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் அதை யூடிசி நள்ளிரவாகப் படிக்கும், அவர் திரையில் முந்தைய நாள் தெரியும். பின்னால் நேரத்தையும் சேர்த்து எழுதி நேர மண்டலத்தை விட்டுவிட்டால் அதே கட்டளை உள்ளூர் நேரமாகப் படிக்கும். ஒரே கட்டளைக்கு இரண்டு பொருள்.

இதை நிரலாளரின் கவனக்குறைவு என்று ஒதுக்குவதை நான் ஏற்கவில்லை. பிறந்த தேதி என்பது நாட்காட்டியில் ஒரு கட்டம். அதற்கு மணியும் கிடையாது, மண்டலமும் கிடையாது. ஆனால் ஜாவாஸ்கிரிப்டின் டேட் என்ற டைப்பில் (மதிப்பின் வகையில்) அப்படி ஒன்றைச் சொல்லவே வழியில்லை. அதற்குள் இருப்பது 1970 ஜனவரி 1 முதல் எண்ணிய மில்லிசெகண்டு மட்டும். சொல்ல வழி கொடுக்காத லைப்ரரியை (எழுதி வைத்த கட்டளைத் தொகுப்பை) வைத்துக்கொண்டு சரியாகச் சொல் என்றால் எப்படி? ஒரு நல்ல லைப்ரரி எதையெல்லாம் தனித்தனி டைப்பாக வைக்க வேண்டும், எதையெல்லாம் தானாகச் செய்யக் கூடாது என்று உங்கள் கருத்தைச் சொல்லுங்கள்.

முதுநகர் ஜாவா:

நல்ல கேள்வி. இந்தச் சிக்கலின் வேர் ஜாவா என்ற மொழியில் இருக்கிறது, நாங்களும் நிறையப் பட்டிருக்கிறோம். ஜாவாவின் முதல் டேட் வகுப்பில் மாதம் பூஜ்யத்தில் தொடங்கும், வருடத்தை 1900-லிருந்து எண்ண வேண்டும். பெயர் டேட், உள்ளே இருப்பது ஒரு கணம். 1995-இல் ஜாவாஸ்கிரிப்டை அவசரமாக உருவாக்கியபோது அதையே பின்பற்றினார்கள். ஜாவா அடுத்த பதிப்பிலேயே அதன் பெரும்பகுதியைக் கைவிடச் சொல்லிவிட்டது. ஜாவாஸ்கிரிப்டால் முடியவில்லை, உலகத்தில் உள்ள பக்கமெல்லாம் உடைந்துவிடும்.

ஜாவாவில் பிறகு வந்த காலண்டர் வகுப்பும் நிம்மதி தரவில்லை. அதை ஒரு செயற்கூறுக்கு அனுப்பினால் அது உள்ளேயே மதிப்பை மாற்றிவிடலாம், திரும்பி வரும்போது உங்கள் தேதி வேறாக இருக்கும். தேதியை எழுத்தாக்கும் சிம்பிள்டேட்ஃபார்மேட்டை இரண்டு த்ரெட் (நிரலுக்குள் ஒரே நேரத்தில் ஓடும் வேலைகள்) சேர்ந்து பயன்படுத்தினால் ஒருவருடைய தேதி இன்னொருவருக்குப் போகும். எந்த எச்சரிக்கையும் வராது.

இதற்கு விடிவு ஸ்டீபன் கோல்போர்ன் எழுதிய ஜோடா-டைம் என்ற லைப்ரரி. அந்த அனுபவத்தில் பிறந்த ஜேஎஸ்ஆர்-310 என்ற முன்மொழிவுதான் 2014-இல் ஜாவா 8-இல் சேர்ந்தது. லோக்கல்டேட் என்றால் தேதி மட்டும். லோக்கல்டைம் என்றால் கடிகாரத்தில் தெரியும் நேரம் மட்டும். இன்ஸ்டன்ட் என்றால் உலகம் முழுக்கப் பொதுவான ஒரு கணம். சோன்டுடேட்டைம் என்றால் மண்டலத்தின் விதிகளோடு சேர்ந்த நேரம். எதுவும் உருவான பிறகு மாறாது. லோக்கல்டேட்டை இன்ஸ்டன்ட் ஆக்க வேண்டுமென்றால் எந்த மணி, எந்த மண்டலம் என்று நீங்கள் சொல்லியே ஆக வேண்டும். சொல்லாவிட்டால் கம்பைல் ஆகாது. மைக்ரோசாஃப்டின் டாட்நெட் பக்கம் ஜான் ஸ்கீட்டின் நோடா டைம் லைப்ரரியும் இதே வழிதான்.

ஜாவாவிலும் ஒரு பொறி பாக்கி இருக்கிறது. தேதியை அச்சிடும் வடிவத்தில் வருடத்துக்குச் சின்ன ஒய் போட வேண்டும். பெரிய ஒய் போட்டால் அது வாரக் கணக்கு வருடம், அதாவது அந்த வாரம் எந்த வருடத்தைச் சேர்ந்ததோ அது. 2025 டிசம்பர் 29-ஐ அச்சிட்டால் 2026 டிசம்பர் 29 என்று வரும். வருடம் முழுக்கச் சரியாக ஓடிவிட்டு, வருடம் மாறும் வாரத்தில் மட்டும் தப்பும்.

நெல்லிக்குப்பம்:

எனக்கு இவ்வளவு டைப் தேவையா என்றே தோன்றுகிறது. எல்லாவற்றையும் யூடிசியில் சேமி, காட்டும்போது மட்டும் உள்ளூர் நேரத்துக்கு மாற்று. இந்த ஒரே விதியை ஒழுங்காகப் பின்பற்றினால் போதாதா? புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு ஐந்தாறு டைப்பைக் காட்டினால் மிரண்டு போவார்கள்.

லாஸ்பேட்டை:

நடந்து முடிந்தவற்றுக்கு உங்கள் விதி சரி. பணம் எப்போது வந்தது, யார் எப்போது உள்ளே நுழைந்தார், இதற்கெல்லாம் யூடிசி போதும். இனி நடக்கப் போவதற்குத்தான் அது உதைக்கும்.

இந்த ஊரில் எத்தனையோ வீடுகளில் பிள்ளைகள் பிரான்சில் இருக்கிறார்கள். அம்மாவுக்குச் சிகிச்சை இங்கே. மகன் பாரிஸிலிருந்து வாரா வாரம் காணொளியில் டாக்டரோடு பேச வேண்டும். அவர் வேலை முடிந்து வந்து மாலை 6 மணிக்குத்தான் உட்கார முடியும். குளிர்காலத்தில் பாரிஸ் நமக்கு நாலரை மணி நேரம் பின்னால். அவருக்கு 6 என்றால் இங்கே இரவு 10:30. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள். 2026-இல் அது மார்ச் 29. அதன் பிறகு அதே 6 மணி இங்கே 9:30. அக்டோபர் 25-இல் மறுபடி பழையபடி ஆகும்.

முதல் சந்திப்பை 17:00 யூடிசி என்று சேமித்து ஏழேழு நாளாகக் கூட்டிக்கொண்டே போனால், ஏப்ரலில் மகனுக்கு மாலை 7 மணி என்று அழைப்பு போகும். சேமிக்க வேண்டியது "18:00, பாரிஸ் மண்டலம்" என்பதை. கணம் அதிலிருந்து கணக்கிட்டு எடுப்பது. விதிகளும் நிலையானவை அல்ல. இந்தக் கடிகார மாற்றத்தையே நிறுத்திவிடலாம் என்று ஐரோப்பிய நாடாளுமன்றம் 2019-இல் வாக்களித்தது. இன்னும் சட்டமாகி நடைமுறைக்கு வரவில்லை. என்றாவது வந்தால், முன்கூட்டியே யூடிசியாக மாற்றி வைத்த சந்திப்பெல்லாம் பிசகும்.

பிறந்த தேதிக்கும் யூடிசி விதி பொருந்தாது என்பதற்கு 18:30-ஏ சாட்சி.

அரியாங்குப்பம் டேட்டாபேஸ்:

அந்த 18:30 வரிசைகளைத் திருத்தும்போது கவனம் தேவை. எல்லோரும் உடனே ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டித் தேதியை எடுத்துவிடலாம் என்பார்கள். முதியவர்களின் பதிவு இருந்தால் அது தப்பு.

இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இந்திய நேரத்தை ஒரு மணி முன்னால் வைத்திருந்தார்கள். உலகின் நேர மண்டல விதிகளைத் தொகுத்த டைம் சோன் டேட்டாபேஸில் 1942 செப்டம்பர் முதல் 1945 அக்டோபர் 15 வரை இந்தியாவுக்கான கொல்கத்தா மண்டலம் யூடிசியிலிருந்து ஆறரை மணி வித்தியாசம் என்றே இருக்கிறது. அதற்கு முன்னும் 1941 அக்டோபரிலிருந்து சில மாதங்கள் அப்படித்தான். இன்றைய உலாவிகள் இந்த வரலாற்றையும் பார்த்தே கணக்கிடுகின்றன. 1943 ஆகஸ்ட் 10 என்று தட்டினால் சேமிக்கப்படுவது ஆகஸ்ட் 9, 17:30. ஐந்தரையைக் கூட்டினால் ஆகஸ்ட் 9 இரவு 11 மணி. தாத்தாவின் பிறந்தநாள் ஒரு நாள் முன்னால் போய்விட்டது.

உங்கள் டேட்டாபேஸ் போஸ்ட்கிரெஸ் என்றால் நிலையான வித்தியாசத்தைக் கூட்டாமல் ஏசியா/கொல்கத்தா என்ற மண்டலப் பெயரைக் கொடுத்து மாற்றிவிட்டுத் தேதியை எடுங்கள், அது இந்த வரலாற்றைப் பார்த்துக்கொள்ளும். மைஎஸ்கியூஎல் என்றால் மண்டலம் மாற்றும் கன்வர்ட்-டிஇசட் கட்டளையை நம்ப வேண்டாம். டைம்ஸ்டாம்ப் டைப்பின் வரம்புக்கு வெளியே, அதாவது 1970-க்கு முன் இருக்கும் மதிப்பை அது மாற்றாமல் அப்படியே திருப்பிக் கொடுக்கும், பிழையும் காட்டாது. அந்த வேலையை வெளியே பைத்தானிலோ ஜாவாவிலோ செய்யுங்கள். அப்புறம் 00:00 என்று முடிகிற வரிசைகளும் கலந்திருக்கும். அவை ஸ்ட்ரிங்கிலிருந்து நேராக வந்தவை. அவற்றைத் தொடாமல் தேதியை மட்டும் எடுக்க வேண்டும்.

முடித்த கையோடு அந்த இடத்தை, தேதியை மட்டும் வைக்கும் டேட்டாபேஸின் டேட் டைப்பாக மாற்றிவிடுங்கள்.

லாஸ்பேட்டை:

இங்கே ஓய்வூதியம் வாங்கும் வயதானவர்கள் நிறையப் பேர் பட்டியலில் இருக்கிறார்கள். 17:30 வரிசைகளைத் தனியாக எடுத்துப் பார்த்துவிட்டுத்தான் இனி அடுத்த வேலை. மிக்க நன்றி.

கெடிலக்கரை:

கடலூரிலிருந்து எழுதுகிறேன். மழை, காற்றுத் தரவுகளைச் சேகரித்து ஆராய்வது என் ஆர்வம், எல்லாம் பைத்தானில். நான் சொல்ல வருவது, தேதிக்கு ஒரு டைப் கொடுத்தால் மட்டும் போதாது, ஒரு "நாள்" எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று சொல்லவும் இடம் வேண்டும்.

வானிலைத் துறையின் மழைநாள் நள்ளிரவில் தொடங்குவதில்லை. காலை 8:30-க்கு அளந்து, முந்தைய 24 மணி நேரத்தில் பெய்ததை அன்றைய தேதியில் எழுதுவார்கள். 8:30 என்பது யூடிசியில் 03:00, உலகம் முழுக்க வானிலை நிலையங்கள் அளவெடுக்கும் நேரங்களில் ஒன்று. யூடிசி நாளாகத் தொகுத்த செயற்கைக்கோள் மழைத் தரவை எடுத்தால் அதன் நாள் நமக்குக் காலை 5:30 முதல் மறுநாள் 5:30 வரை. வீட்டு மாடியில் வைத்த தானியங்கி மழைமானி நள்ளிரவு முதல் நள்ளிரவு வரை கூட்டும். மூன்றிலும் "டிசம்பர் 30" என்றுதான் இருக்கும். மூன்றையும் அப்படியே பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அளவு ஒத்துவரவில்லை என்று கருவியைக் குறை சொல்பவர்களைப் பார்த்திருக்கிறேன். வடகிழக்குப் பருவமழை இரவில் கொட்டும் ஊரில் இந்த வித்தியாசம் சின்னதாக இருக்காது.

டிசம்பர் 30 என்று எழுதியதற்குக் காரணம் இருக்கிறது. 2011-இல் அந்தக் காலையில்தான் தானே புயல் கடலூர் அருகே கரையைக் கடந்தது. முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்த அந்த நாளை இந்த மாவட்டத்தில் யாரும் மறக்க மாட்டார்கள். அதே 2011 டிசம்பர் 30 பசிபிக் தீவான சமோவாவில் வரவே இல்லை. தேதிக்கோட்டின் மறுபக்கம் மாறுவதற்காக 29-க்கு அடுத்து நேராக 31-க்குப் போனார்கள்.

லைப்ரரியைச் சோதிக்க இதைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. சமோவாவின் ஏபியா மண்டலத்தில் 29 நள்ளிரவுக்கும் 31 நள்ளிரவுக்கும் நாட்காட்டிப்படி இரண்டு நாள், கடிகாரப்படி 24 மணி நேரம். அதனால் ஜாவாவில் பீரியட் (நாட்காட்டிக் கணக்கு) என்றும் டியூரேஷன் (கடிகாரக் கணக்கு) என்றும் பிரித்திருப்பது அவசியம். பைத்தானில் இரண்டுக்கும் டைம்டெல்டா என்ற ஒரே டைப். இன்னொன்றும் உண்டு: ஒரே மண்டலத்தைச் சேர்ந்த இரண்டு நேரங்களைக் கழித்தால் பைத்தான் மண்டலத்தைப் பார்ப்பதே இல்லை, கடிகார முள்ளை மட்டும் கழிக்கும். பாரிஸில் 2026 மார்ச் 28 நண்பகலிலிருந்து 29 நண்பகல் வரை உண்மையில் 23 மணி நேரம். பைத்தான் 24 என்று சொல்லும். இரண்டையும் யூடிசிக்கு மாற்றிவிட்டுத்தான் கழிக்க வேண்டும்.

இப்போதைய நேரத்தைக் கேட்கும் பைத்தானின் யூடிசிநவ் கட்டளை இன்னொரு தலைவலி. அது கொடுப்பது யூடிசி நேரம், ஆனால் மேலே மண்டலக் குறி இல்லை. அதை டைம்ஸ்டாம்பாக (1970 முதல் எண்ணிய நொடியாக) மாற்றினால் உள்ளூர் நேரம் என்று எண்ணிக்கொள்ளும், நம் ஊர்க் கணினியில் ஐந்தரை மணி நேரம் தள்ளிப்போகும். 3.12 பதிப்பில்தான் கைவிடச் சொல்லி எச்சரிக்கை போட்டார்கள். நவ் கட்டளைக்கே யூடிசி மண்டலத்தைக் கொடுத்து வாங்குங்கள்.

கல்லூரி மாணவி:

அண்ணா, ஒரு சந்தேகம். என் புராஜெக்டில் பைத்தானின் பைடிஇசட் என்ற நேர மண்டல லைப்ரரியை வைத்து கொல்கத்தா மண்டலம் கொடுத்தேன். வித்தியாசம் 5:30 வராமல் 5:53 வருகிறது. லைப்ரரியில் பிழையா?

கெடிலக்கரை:

பிழை இல்லைம்மா, அந்த லைப்ரரியைப் பயன்படுத்தும் முறை அப்படி. மண்டலப் பொருளை நேராக டேட்டைமுக்குள் வைத்தால், பைடிஇசட் அந்த மண்டலத்தின் மிகப் பழைய வித்தியாசத்தை எடுத்துக்கொள்ளும். அது சூரியனை வைத்துக் கணக்கிட்ட கொல்கத்தா நகரத்தின் உள்ளூர் நேரம், 5 மணி 53 நிமிடம் 28 நொடி. லோக்கலைஸ் என்ற கட்டளை வழியாகப் போனால்தான் சரியான வித்தியாசம் வரும்.

அந்த மண்டலத்தின் வரலாற்றைத் திறந்து பார், நம் பக்கத்து நேரமும் அதில் இருக்கிறது. 1870 முதல் 1905 முடியும்வரை அதில் பதிந்திருப்பது மெட்ராஸ் நேரம், 5 மணி 21 நிமிடம் 10 நொடி. ரயில்கள் அந்த நேரத்தில் ஓடின. 1906 ஜனவரி 1-இல்தான் ஐந்தரை வந்தது.

புது புராஜெக்ட் என்றால் பைடிஇசட் வேண்டாம். 2020-இல் வந்த பைத்தான் 3.9-லிருந்து சோன்இன்ஃபோ மொழியோடு சேர்ந்தே வருகிறது, அதில் இந்தத் தொல்லை இல்லை. பயன்படுத்துபவர் ஒரு தனிக் கட்டளையை நினைவில் வைத்தால்தான் சரியாக ஓடும் என்பது நல்ல வடிவமைப்பே இல்லை.

நெல்லிக்குப்பம்:

சரி, பாரிஸ் உதாரணத்துக்குப் பிறகு ஒப்புக்கொள்கிறேன், எதிர்காலச் சந்திப்புக்கு யூடிசி மட்டும் போதாது. ஆனால் ஜாவாஸ்கிரிப்ட்காரர்கள் என்ன செய்வது? மொமென்ட் லைப்ரரியையும் இனிப் புதிதாக எடுக்க வேண்டாம் என்று அதை எழுதியவர்களே 2020-இல் சொல்லிவிட்டார்கள்.

லாஸ்பேட்டை:

ஜாவாஸ்கிரிப்டுக்கே புதிய தேதி, நேர வசதியான டெம்போரல் வந்துவிட்டது. 2025-இல் ஃபயர்ஃபாக்ஸ் 139-இல் சேர்ந்தது. அது இல்லாத உலாவிகளுக்குப் பாலிஃபில் (இல்லாத வசதியை ஈடுசெய்யும் கோட்) போட்டுக்கொள்ளலாம். மாதம் ஒன்றில் தொடங்குகிறது, உருவான பொருள் மாறுவதில்லை, பிளெய்ன்டேட் என்றால் தேதி மட்டும். எனக்கு மிகவும் பிடித்தது, இரண்டு பொருள்களைச் சிறியது பெரியது என்ற குறி போட்டு ஒப்பிட முயன்றால் அது பிழை எறியும். ஒப்பிடுவதற்கான கட்டளையைத்தான் பயன்படுத்த வேண்டும். தப்பான விடையைத் தருவதைவிட நின்றுவிடுவது நல்லது.

மண்டலத்தோடு நேரத்தை எழுதும் முறையும் 2024-இல் ஆர்எஃப்சி 9557 என்ற இணையத் தரநிலையாக முறைப்படி வந்துவிட்டது. வித்தியாசத்துக்குப் பக்கத்தில் சதுர அடைப்புக்குள் மண்டலத்தின் பெயர். இரண்டும் ஒன்றோடொன்று முரண்பட்டால் டெம்போரல் இயல்பாகவே பிழை காட்டும். விதி மாறிவிட்டது என்பதை அப்படித்தான் கண்டுபிடிக்க முடியும்.

முதுநகர் ஜாவா:

டெம்போரல் நல்ல வேலை, ஆனால் ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. பாரிஸில் 2026 மார்ச் 29 அதிகாலை 2:30 என்று ஒரு நேரமே இல்லை. அக்டோபர் 25 அன்று 2:30 இரண்டு முறை வரும். இப்படிப்பட்ட நேரத்தைக் கொடுத்தால் டெம்போரல் இயல்பாக ஒன்றைத் தானே தேர்ந்துகொள்கிறது: இல்லாத நேரத்தை முன்னால் தள்ளும், இரட்டை நேரத்தில் முதலாவதை எடுக்கும். ஜாவாவும் அப்படியே. மறுக்கச் சொல்லி நாம் தனியாகக் கேட்க வேண்டியிருக்கிறது. என்னைக் கேட்டால் மறுப்பதுதான் இயல்பாக இருக்க வேண்டும். மருந்து கொடுக்கும் நேரமோ ரயில் புறப்படும் நேரமோ, எந்த 2:30 என்று மனிதர் சொல்லட்டும்.

லாஸ்பேட்டை:

அங்கே நான் மாறுபடுகிறேன். ஆயிரக்கணக்கான பதிவுகளை இரவில் ஓட்டும்போது ஒரு வரிசைக்காக முழு வேலையும் நிற்கும். அதைப் பார்த்துப் பயந்து பிழையையே விழுங்கிவிடும் கோட் எழுதுவார்கள், அது இன்னும் மோசம். மனிதர் நேராக உள்ளிடும் திரையில் மறுக்கட்டும். தொகுப்பு வேலையில் தேர்ந்தெடுத்துவிட்டு, எதைத் தேர்ந்தது என்று பதிவு செய்யட்டும்.

முதுநகர் ஜாவா:

பதிவு செய்யும் என்றால் சரி. இப்போது எந்த லைப்ரரியும் அதைத் தானாகச் செய்வதில்லை என்பதுதான் என் கவலை.

அரியாங்குப்பம் டேட்டாபேஸ்:

மாதம் கூட்டுவதைப் பற்றியும் பேசிவிடுவோம். நம் பக்கத்தில் சீட்டு, தவணை எல்லாம் மாதக் கணக்கு. ஜனவரி 31-இல் தொடங்கிய தவணைக்கு ஒரு மாதம் கூட்டினால் ஜாவாவும் டெம்போரலும் பிப்ரவரி 28 தரும். பழைய ஜாவாஸ்கிரிப்டில் மாதத்தை மட்டும் மாற்றினால் மார்ச் 3-க்குத் தாவிவிடும். பைத்தானின் டைம்டெல்டாவில் மாதம் என்பதே கிடையாது. மாதத்தை நேராக மாற்றினால் அப்படி ஒரு தேதி இல்லை என்று பிழை வரும்.

இதில் பைத்தான் செய்வதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. மாதக் கடைசியில் என்ன செய்வது என்பது கணிதம் தீர்மானிக்கும் விஷயம் இல்லை, கடன் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அது.

கல்லூரி மாணவி:

28-க்கு இறங்கிவிட்டால் அடுத்த மாதம் மறுபடி 31 வருமா, இல்லை 28-லேயே நின்றுவிடுமா?

அரியாங்குப்பம் டேட்டாபேஸ்:

நீ எப்படிக் கூட்டுகிறாய் என்பதைப் பொறுத்தது. கடைசியாக வந்த தேதியோடு ஒவ்வொரு மாதமாகக் கூட்டினால் 28-லேயே நின்றுவிடும், மார்ச் 28, ஏப்ரல் 28 என்று போகும். வாடிக்கையாளருக்கு இரண்டு மூன்று நாள் முன்னதாகவே அபராத எச்சரிக்கை போகும். தொடக்கத் தேதியை அப்படியே வைத்துக்கொண்டு அதோடு ஒன்று, இரண்டு, மூன்று மாதம் என்று கூட்டினால் பிப்ரவரி 28, மார்ச் 31, ஏப்ரல் 30 என்று வரும். அதனால் டேட்டாபேஸில் அடுத்த தவணைத் தேதியை மட்டும் வைக்காதே. தொடக்கத் தேதியும் எத்தனையாவது தவணை என்பதும் இருக்கட்டும், தேதியை ஒவ்வொரு முறையும் அதிலிருந்து எடுத்துக்கொள்.